சாப்பிட்டாச்சு

தார்பாயைப் பார்த்து “உப்பு நல்லா வெளுத்திருக்குது” என்று தெய்வசிகாமணி பாராட்டிய அன்றுதான், அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது உப்பளத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதவர் அவர் ஒருவர்தான். உப்பு அம்பாரத்தின் மேல் போர்த்தியிருந்த புதுத் தார்பாய் அது, வெள்ளை நிறம். வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி பாராட்டுவதே அபூர்வம், அதைப் போய்த் திருத்துவானேன் என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

மரக்காணத்தில் உப்புக்காரனுக்குக் கண்தான் எல்லாம். தெய்வசிகாமணி ஒரு கைப்பிடி அள்ளி வெயிலில் காட்டி, இது சாப்பாட்டுக்கு, இது மீனுக்கு, இது தோல் ஆலைக்கு என்று பிரித்துச் சொன்னால் லாரிக்காரர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். முப்பத்தைந்து வருடப் பழக்கம். வட்டார உப்பு உற்பத்தியாளர் நலச் சங்கத்துக்கும் பதினோரு வருடமாக அவர்தான் தலைவர். எதிர்த்து நிற்க ஆள் இல்லாமல் அல்ல. தேர்தல் தேதியை அவரே வைப்பதால் அது எப்போது வருகிறது என்று மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்தச் சித்திரையில் சங்கத்தின் பெயரில் கல்யாண மண்டபத்தில் கண் மற்றும் சர்க்கரை நோய் முகாம் நடந்தது. குத்துவிளக்கு ஏற்ற வந்த தலைவர், திரி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விளக்கின் தண்டுக்கு மெழுகுவர்த்தியைக் காட்டிக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர் கலையரசன் பக்கவாட்டில் நின்று அவர் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டான். போட்டோவில் பார்த்தால் இருவரும் சேர்ந்து ஏதோ பெரிய காரியத்தைத் தொடங்கிவைப்பது போல இருந்தது.

மற்றவர்களுக்கு முன்மாதிரியாக முதலில் அவரையே உட்காரவைத்துப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு.

“இருநூறுக்குக் கீழ வரணும். இல்லன்னா நான் கத்தி வைக்கமாட்டேன்” என்றார் கண் டாக்டர். “ஆறு வாரத்துல மறுபடியும் வர்றோம். மாத்திரையை ஒழுங்கா போடுங்க, வாயைக் கட்டுங்க. சர்க்கரை இப்படியே இருந்தா உள்ள நரம்பு போயிடும். அப்புறம் புரையை எடுத்தும் பிரயோசனம் இல்ல.”

பிரயோசனம் இல்லை என்ற வார்த்தையைத் தெய்வசிகாமணியிடம் நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை. மேடையில் போய் உட்கார்ந்த பிறகும் அது காதில் இருந்தது. அப்போதுதான் பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த வினோதினி என்ற பெண் சாப்பாட்டு ஆலோசனை சொல்ல எழுந்தாள். அரிசியைக் குறை, கீரையைக் கூட்டு என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லிவிட்டு, கடைசியில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“பசிங்கறது வயித்துல மட்டும் இல்லீங்க, ஞாபகத்துலயும் இருக்குது. டிவி பாத்துக்கிட்டே சாப்ட்டா, சாப்ட்டதே மனசுல பதியாது. மனசுல பதியலன்னா சாயங்காலம் அது மறுபடியும் கேக்கும். அதனால சாயங்கால டிபன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உக்காந்து, மதியம் என்னென்ன சாப்ட்டோம்னு ஒண்ணொண்ணா நெனச்சுப் பாருங்க. கை தானா பின்னால வரும்.”

தெய்வசிகாமணிக்கு அது பிடித்துப்போனது. நடக்க வேண்டாம், ஓட வேண்டாம், பாகற்காய் ஜூஸ் குடிக்க வேண்டாம். உட்கார்ந்தபடி நினைத்தால் போதும். தலைவர்களுக்கென்றே கண்டுபிடித்த வைத்தியம். மைக்கை வாங்கினார்.

“கடலையே பாத்தியில கட்டி வச்சு உப்பாக்கறவன் நான். இந்த நாக்கைக் கட்டத் தெரியாதா? அடுத்த முகாம்ல இதே மேடையில பாருங்க. இருநூறு என்ன, நூத்தித் தொண்ணூறுக்குக் கொண்டுவந்து காட்டுறேன்!”

கலையரசன் முதலில் கைதட்டினான். மண்டபம் பின்தொடர்ந்தது.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு, வாழைக்காய் பஜ்ஜித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தெய்வசிகாமணி கண்ணை மூடினார். மதியச் சாப்பாடு வரவில்லை. அதற்குப் பதிலாகப் பதினாறு வருடத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் நடந்த ஒரு கல்யாணப் பந்தி வந்தது. முதல் பந்தி, மூன்றாவது இலை. பக்கத்தில் முன்னாள் சேர்மன். எதிரே வீடியோக்காரர். யார் யார் எழுந்து வந்து கும்பிட்டார்கள் என்பதுகூட வரிசையாக வந்தது. இலையில் என்ன இருந்தது என்று எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

சரி, மதியம் என்று யோசித்தார். செம்பில் செல்போனைச் சாய்த்துவைத்து விவாத நிகழ்ச்சி போட்டுக்கொண்டு சாப்பிடுவது அவர் வழக்கம். கண் மங்கிய பிறகு பார்ப்பது குறைந்தாலும் கேட்பது குறையவில்லை. அதனால் மதியம் என்றதும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. எதற்காகக் கத்தினார்கள் என்பது வரவில்லை. இந்த ஆராய்ச்சிக்கு நடுவில் ஆறு பஜ்ஜி உள்ளே போயிருந்தது.

“பாக்கியம்! மதியம் நான் என்ன சாப்ட்டேன்?”

அவர் மனைவி பாக்கியலட்சுமி அடுப்படியில் கடலை மாவுக் கையோடு நின்றிருந்தாள். முப்பத்து நாலு வருடத்தில் சமையலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“என்ன சாப்ட்டீங்களா? சோறு மூணு தடவ வாங்கினீங்க. முருங்கக்கா சாம்பாரு, அது பத்தாதுன்னு காரக்கொழம்பு. உருளக்கெழங்கு வறுவல், ரெண்டாவது வாட்டியும் கேட்டு வாங்கிப் போட்டுக்கினீங்க. நாலு அப்பளம். கடைசில தயிர் சோத்துக்கு மாங்கா ஊறுகா. பாயசம் கெடந்தா அதையும் உட்ருக்க மாட்டீங்க.”

தெய்வசிகாமணி வயிற்றைத் தடவிப் பார்த்தார். இவ்வளவுமா உள்ளே இருக்கிறது? இருக்கிறது போலத்தான் இருந்தது. கை தானாகப் பின்னால் வந்தது. தட்டில் மீதி நாலு பஜ்ஜி கிடந்தது, வரலாற்றில் முதல்முறையாக.

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. நாலரை மணிக்கு நாற்காலியில் சாய்ந்து “ம், சொல்லு” என்பார். பாக்கியலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று சொல்லுவாள். சொல்லச் சொல்ல அவர் முகம் நிறைந்துகொண்டே வரும். ஒரு பஜ்ஜி, பிறகு அரை பஜ்ஜி, பிறகு “எண்ணெய் வீண், போடாதே” என்ற நிலைக்கு வந்தார். நாலு வாரத்தில் நாலு கிலோ குறைந்தது. சர்க்கரை இருநூற்றுப் பதினாலுக்கு இறங்கியது.

கலையரசன் இதற்கு ‘நினைவு வேள்வி’ என்று பெயர் வைத்தான். பேருந்து நிறுத்தத்தில் பிளக்ஸ் வந்தது: ‘உண்டதை எண்ணி உடலை வென்ற உத்தமரே!’ கீழே தலைவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் படம். சிலர் அதைப் பார்த்து மாலை வாங்க வேண்டுமா என்று விசாரித்தார்கள்.

தனக்குக் கிடைத்த ஞானத்தைத் தானே வைத்துக்கொள்வது அவர் குணமல்ல. ஒருநாள் காலை பத்து மணிக்கு உப்பளத்துக்குப் போனார். விடிகாலை நாலு மணிக்கு உப்பு வார இறங்கியவர்கள் கரையேறி, கொட்டகை நிழலில் தூக்குச் சட்டியைத் திறக்கிற நேரம். எல்லோரையும் நிறுத்திவைத்துப் பேசினார்.

“பசின்னா உடனே தின்னுடறது இல்ல. நேத்து ராத்திரி என்ன சாப்ட்டோம்னு உக்காந்து யோசிச்சுப் பாருங்க. பாதிப் பசி அடங்கிடும்.”

பெண்கள் கூட்டத்தில் அந்தோணியம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவருடைய பாத்திகளில் இருபது வருடமாக உப்புக் கூடை சுமக்கிறவள். வயது அவரைவிட மூன்று நாலு குறைவாக இருக்கும்.

“நாங்க நேத்து கொழம்ப நெனச்சுக்கினுதான் மொதலாளி இன்னிக்கி கஞ்சியே குடிக்கிறோம். அத நெனைக்கலன்னா இது எறங்காது. நீங்க இன்னாடான்னா சாப்புடாம இருக்கறதுக்கு நெனைக்கச் சொல்றீங்க.”

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. கலையரசன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கைதட்டினான். அந்தப் பேச்சில் ஒரு குத்து இருந்தது என்பது தெய்வசிகாமணிக்குக் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

வைகாசியில் ஒருநாள் பாக்கியலட்சுமி தங்கை மகள் வளைகாப்புக்காகக் கிளியனூருக்குப் போனாள். “எல்லாத்தையும் ஹாட்பாக்ஸ்ல வச்சிருக்கேன். மதியம் வந்து போட்டுத் தின்னுங்க. ராத்திரி அங்கயே தங்கிட்டுக் காலைல வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

அன்றைக்கென்று பெங்களூரு லாரி முன்கூட்டியே வந்துவிட்டது. மேஸ்திரி லீவு. தெய்வசிகாமணி காலையில் இரண்டு இட்லியும் மாத்திரையும் போட்டுக்கொண்டு போனவர், லோடு ஏறும்வரை அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. கத்திரி வெயில். பாத்தி, வரப்பு, அம்பாரம், லாரி, எல்லாம் ஒரே வெள்ளையாக அவர் கண்ணுக்குள் உருகி ஓடின. ஆட்களின் குரலை வைத்துத்தான் யார் எங்கே என்று கண்டுபிடித்தார். இரண்டு மணிக்குக் கொட்டகைக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார். செல்போன் காரில் சார்ஜில் கிடந்தது. போய் எடுக்கத் தெம்பில்லை.

கூடையை இறக்கிவிட்டு அந்தோணியம்மாள் சாப்பிட வந்தாள்.

“சாப்டீங்களா மொதலாளி?”

“ஆச்சு.”

அந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் பதில். சாப்பிட்டவனும் ஆச்சு என்பான், சாப்பிடாதவனும் ஆச்சு என்பான். இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் தட்டு எடுக்க வேண்டிவரும். அவர் வீட்டில் என்ன இருக்கிறதோ இல்லையோ. அந்தச் சங்கடம் ஒருவருக்கும் வேண்டாம் என்று ஊரே கூடிப் பேசிவைத்துக்கொண்ட மாதிரி, ஆச்சு. தெய்வசிகாமணியும் யோசிக்காமல்தான் சொன்னார்.

அந்தோணியம்மாள் தூக்கைத் திறக்காமல் அவரையே பார்த்தாள்.

“ஆச்சுன்னு வாய்தான் சொல்லுது, கை வேற சொல்லுதே. ஏன் இப்படி ஆடுது? எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான், மாத்திரயப் போட்டுக்கினு சாப்புடாம சுத்துவாரு, சக்கர எறங்கி வேர்த்துக் கொட்டும். வாயத் தெறங்க.”

“என்ன…”

“தெறங்கன்றேன்.”

இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் ஒன்றை எடுத்து, காகிதத்தை உரித்து அவர் வாயில் போட்டாள். சங்கத் தலைவர் சின்னப் பிள்ளை மாதிரி அதைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு மெல்லத் தன் வசத்துக்கு வந்தது. அதற்குள் அவள் தூக்கிலிருந்த கேழ்வரகுக் கூழை மோர்விட்டுக் கரைத்துத் தூக்கு மூடியில் ஊற்றினாள். வெங்காயத்தைப் பலகையில் வைத்து முஷ்டியால் ஒரு குத்து. காகிதப் பொட்டலத்தில் வறுத்த நெத்திலிக் கருவாடு.

“குடிங்க. இருங்க, உப்பு பத்தாது.” அவள் எழுந்துபோய் அம்பாரத்தின் ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை கொண்டுவந்து போட்டாள். “நம்ம உப்புதான்.”

தெய்வசிகாமணி ஒரு வாய் குடித்தார். கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்கும் இல்லை. ஆகவே நாக்கு தனியாக வேலை செய்தது. புளிப்பு. மோரின் குளிர்ச்சி. வெங்காயக் காரம் மூக்கில் ஏறியது. அதற்குப் பின்னால், கடைசியில், மெலிதாக ஒரு கசப்பு.

“உப்பு கசக்குதே!”

“கசக்கும். உப்பு வெளஞ்சப்புறம் பாத்தியில நிக்கிற கசப்புத் தண்ணிய வடிக்காம அப்படியே வாரச் சொல்லிட்டாரு மேஸ்திரி. கண்ணுக்கு வெளுப்பாத்தான் இருக்கும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

அந்தோணியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். மிட்டாய் கொடுத்த உரிமையில் சொல்லிவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

“உங்ககிட்ட இன்னா சொல்றது மொதலாளி? சித்திரையில ஒரு அம்பாரத்தப் பாத்து நல்லா வெளுத்திருக்குதுன்னு சொன்னீங்க இல்ல? அது உப்பு இல்ல. தார்பாயி.”

தெய்வசிகாமணி வாயில் இருந்த நெத்திலியை மென்று முடித்தார். பிறகு, “நீ சாப்புடல?” என்றார்.

“எனக்கு ஆச்சு. நீங்க குடிங்க.”

சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் வீட்டில் தனியாக நாற்காலியில் சாய்ந்தார். சொல்ல ஆளில்லை. கண்ணை மட்டும் மூடினார்.

மதியச் சாப்பாடு வந்தது. கூப்பிடாமலே வந்தது. முதலில் ஆரஞ்சு மிட்டாய், அதில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கு. தூக்கு மூடியின் விளிம்பில் ஒரு நெளிசல், உதட்டில் இடித்தது. கூழ் இரண்டு தடவை ஊற்றினாள், இரண்டாவது கொஞ்சம் தண்ணியாக. வெங்காயம் ஒன்று. நெத்திலி மூன்று, அதில் ஒன்றுக்குத் தலை இல்லை. ஒவ்வொன்றாக வந்து வரிசையில் உட்கார்ந்தது. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. ஓ, அந்தப் பெண் மேடையில் சொன்னது இதைத்தானா என்று ஆச்சரியப்பட்டார்.

வரிசை அதோடு நிற்கவில்லை. குடித்து முடித்ததும் அவள் மூடியை வாங்கிக் கழுவினாள். தூக்கில் போட்டு மூடினாள். மூடும்போது தூக்கு ‘டொங்’ என்று சத்தம் போட்டது. நிறைந்த தூக்கு அப்படிச் சத்தம் போடாது. பிறகு சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கூடைக்குப் போனாள்.

எனக்கு ஆச்சு.

தெய்வசிகாமணி கண்ணைத் திறந்தார். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். அதற்குச் சற்று முன்னால் அவரே அதைத்தான் சொல்லியிருந்தார்.

அப்போது செல்போன் அடித்தது. கிளியனூரிலிருந்து பாக்கியலட்சுமி. பின்னால் பெண்கள் சிரிப்பும் பாத்திரச் சத்தமும்.

“ஏங்க, மணி நாலரை ஆச்சே, பலகாரத்துல கைய வச்சுட்டீங்களா? வைக்காதீங்க. கேட்டுக்குங்க. சோறு நாலு கரண்டி போட்டுக்கினீங்க. வத்தக்கொழம்பு. பீர்க்கங்கா கூட்டு, ரெண்டு தடவ. மொளகா வத்தல் ஆறு. அப்பளம்…”

“இதெல்லாம் நான் எப்ப தின்னேன்?”

“மதியம்தான்.”

“எந்த மதியம்?”

கிளியனூர்ப் பக்கம் பாத்திரச் சத்தம் குறைந்தது, போனோடு வெளியே வந்துவிட்டாள் போல.

“நீங்க மதியம் வூட்டுக்குப் போவலியா?” என்றாள் பாக்கியலட்சுமி, சின்னக் குரலில்.

காலையில் அவள் வந்து இறங்கியதும் விசாரணை நடந்தது. ஹாட்பாக்ஸ் திறக்கப்படாமல் சாட்சியாக நடுவில் இருந்தது.

“அப்ப இத்தினி நாளா சொன்னதெல்லாம் பொய்யா?”

“எல்லாம் இல்ல. கூட்டிச் சொன்னேன். ரெண்டு கரண்டிய நாலுன்னு சொன்னேன்.”

“அந்த உருளக்கெழங்கு வறுவல்?”

“டாக்டரு வேணாம்னுட்டாரு, நான் எங்க பண்ணேன்? பாதி நாளு இன்னா சமைச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. சமைக்கிறவளுக்கு முடிஞ்ச வேளையா மனசுல இருக்கும்? அடுத்த வேளைக்கு இன்னா பண்றதுன்னுதான் ஓடும்.”

தெய்வசிகாமணிக்குத் தான் வென்ற நாலு கிலோவும் மறுபடி மேலே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. “ஊரெல்லாம் என் மன உறுதின்னு பிளக்ஸ் வச்சிருக்கான்!”

“ஒங்க மன உறுதி என் வாயில இருந்துச்சு” என்றாள் பாக்கியலட்சுமி. அதைச் சொன்ன பிறகு அவளுக்கே கோபம் ஏறிவிட்டது. “இன்னிக்கி கேக்குறீங்களே பொய்யான்னு. ஒரு நாளாச்சும், ‘இல்லடி, நீ சொல்றது தப்பு, நான் அதத் திங்கல’ன்னு சொன்னீங்களா? சொல்லியிருந்தா, என் சோத்தத்தான் தின்னாருன்னு நானும் தெரிஞ்சுக்கினிருப்பேன். நான் என்ன சொன்னாலும் வயித்தத் தடவினா?”

அவர் கணக்குப் போட்டார். முப்பத்து நாலு வருடம், நாளுக்கு மூன்று வேளை. அதில் ஒரு வேளையையாவது எடுத்து முன்னால் வைத்துவிட்டால் வாயை அடைத்துவிடலாம் என்று தேடினார். வந்ததெல்லாம் கல்யாணப் பந்தி.

அன்றைக்குச் சாயங்காலம் கோபத்தில் ஒன்பது பஜ்ஜி தின்றார். மூன்று நாள் அப்படியே போயிற்று. சர்க்கரை இருநூற்று நாற்பதுக்கு ஏறியது. முகாமுக்குப் பத்து நாள்தான் இருந்தது. பொய் தெரிந்துவிட்டதால் அது இனிமேல் வேலை செய்யாது. அவள் சொன்னாலும் வயிறு நம்பாது. நாலாம் நாள் மதியம் தெய்வசிகாமணி செம்பில் சாய்த்திருந்த செல்போனை எடுத்து அணைத்து, அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டின் மேல் குனிந்தார். பச்சையாக ஏதோ தெரிந்தது.

“இது என்ன?”

“பீர்க்கங்கா.”

“நேத்தும் இதானே?”

“நேத்து சொரக்கா.”

ஒரு வாய் போட்டு, மென்றார். “இதுல தேங்கா போட்டியா?”

“போட்டேன்.”

“கம்மியா இருக்குது.”

பாக்கியலட்சுமி கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். மறுநாள் ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்றார். அதற்கு அடுத்த நாள் சோறு குழைந்துவிட்டது என்றார். அதற்கும் மறுநாள், “அந்தப் போனே தேவலாம். எடுத்து வச்சுக்குங்க” என்று அவளே அலமாரியைக் காட்டினாள். அவர் எடுக்கவில்லை. சாயங்காலம் கண்ணை மூடினால் குழைந்த சோறும், தூக்கலான பெருங்காயமும் தவறாமல் வந்தன. குறை இருந்தது நன்றாக நின்றது. நன்றாக இருந்தது அவ்வளவு நிற்கவில்லை. ஆனாலும் பஜ்ஜி ஒன்றோடு நின்றது.

உப்பளத்தில் கசப்புத் தண்ணீரை வடிக்கச் சொன்னார். மேஸ்திரியிடம் அவர் அதை நாக்கால் கண்டுபிடித்ததாகச் சொல்ல, தலைவருக்கு நாக்கிலும் கண் உண்டு என்று கலையரசன் ஊரில் பரப்பினான்.

இரண்டாவது முகாமில் சர்க்கரை நூற்று எண்பத்தாறு. டாக்டர் சீட்டில் ஆபரேஷன் தேதி எழுதிக் கொடுத்தார். தெய்வசிகாமணி சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, தெரியாவிட்டாலும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மேடையில் கலையரசன் பாராட்டுரை வாசித்தான். நினைவு வேள்வி, தவம், வைராக்கியம் என்று இரண்டு பக்கம். வினோதினிக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, மைக்கை வாங்கினாள்.

“ரொம்ப சந்தோஷங்க. ஐயாவே சொல்லட்டுமே. இன்னிக்கி காலைல என்ன சாப்டீங்க?”

மூன்றாவது வரிசையில் பாக்கியலட்சுமி இருந்தாள். அவள் இருக்கும் திசை மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. வைராக்கியம், தவம் எல்லாம் வாய்வரை வந்தன. ஆனால் தட்டு அதற்கு முன்னால் வந்துவிட்டது.

“ரெண்டு தோசை” என்றார். “மொதல்ல வந்தது நல்லா இருந்துச்சு. ரெண்டாவது ஓரம் கருகிட்டுது, தங்கச்சிகிட்ட போன் பேசிக்கிட்டே ஊத்தினா. புதினாத் தொவையல். அதுல ஒரு கல்லு உப்பு அதிகம்.”

மண்டபம் சிரித்தது. “ஊரு முன்னால மானத்த வாங்குறாரு பாரு” என்று பாக்கியலட்சுமி பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் சொன்னதை அந்தப் பெண் சரியாகக் கேட்டாளா என்று ஒருமுறை விசாரித்துக்கொண்டாள்.

முகாமுக்குச் சாப்பாடு சங்கத்தின் செலவு. சர்க்கரை முகாம் என்பதால் ஜாங்கிரி வேண்டாம் என்று செயற்குழுவில் முடிவாகி, கேசரி போட்டிருந்தார்கள். முதல் பந்தியில் டாக்டர், தலைவர், செயலாளர், மற்ற பிரமுகர்கள். தூணோரம் கண் பரிசோதனைச் சீட்டோடு உப்பளப் பெண்கள் நின்றிருந்தார்கள். கலையரசன் வழிவிடச் சொல்லிக்கொண்டு முன்னால் போக, தெய்வசிகாமணி குரலைக் கேட்டு நின்றார்.

“அந்தோணியம்மாவா? சாப்ட்டியா?”

“ஆச்சு மொதலாளி.”

“என்ன சாப்ட்ட?”

அந்தோணியம்மாள் திகைத்துவிட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி உண்டு என்று அவள் கண்டதில்லை. பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இன்னா மொதலாளி நீங்க… இன்னும் பந்தியே போடல, எங்க சாப்புடறது?”

“அப்ப வா.”

“ஐய, நாங்க அப்புறமா…”

“வான்றேன்.”

மூன்றாவது இலையில் அவர் உட்கார்ந்து, நாலாவது இலையைத் தட்டிக் காட்டினார். அது கலையரசனுக்காகப் போட்ட இலை. அவன் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ மேற்பார்வை பார்க்க எழுந்தவன் போல நின்றுகொண்டான்.

அந்தோணியம்மாள் முதலில் இலையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கூச்சத்தோடு இருந்தாள். சாம்பார் வந்ததும் கூச்சம் போய்விட்டது. வேகமாகச் சாப்பிட்டாள், அளவாகப் பேசினாள். பாயசம் வருமா என்று பரிமாறுகிறவனைக் கேட்டாள். பிறகு கையை நீட்டி, தெய்வசிகாமணி இலையிலிருந்த வடையை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டாள். பின்னாலேயே கேசரியும் போயிற்று.

“சக்கர ஒங்களுக்குத்தான். எனக்கு இல்ல” என்றாள். “அன்னிக்கி என் நெத்திலி மூணையும் தின்னீங்க இல்ல?”

எதிரே டாக்டர் தலையைக் குனிந்து ரசத்தை உறிஞ்சினார்.

சாயங்காலம் நாலரை மணி. பாக்கியலட்சுமி அடுப்பு மூட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், எதேச்சையாகக் கேட்பது போலக் கேட்டாள்.

“மதியம் இன்னா சாப்ட்டீங்க?”

பெண்கள் வரிசையிலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். பரீட்சை. கண்ணை மூடினார்.

“சோறு ரெண்டு தடவ. ரெண்டாவது கொஞ்சம்தான். கத்திரிக்கா சாம்பாரு. அவரக்கா பொரியல், நாரு எடுக்கல. ரசம். மோரு.”

“வடை?”

“வடை இல்ல. அத அந்தோணியம்மா தின்னுட்டா.”

“கேசரி?”

“அதுவும் அவதான்.” கண்ணைத் திறந்தார். “அதுல ஒரு விள்ளல் மட்டும் நான் தின்னேன். அவ கை வர்றதுக்குள்ள.”

பாக்கியலட்சுமி கீரை உருவுவதை நிறுத்தினாள்.

“அது எனக்குத் தெரியாதே” என்றாள்.